தவளை கேட்ட கேள்வி

குளத்தின் மேல் சாய்ந்திருந்த மாமரத்தில் முசுறு எறும்புகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. மழை வருவதற்குள் முடித்தாக வேண்டும்.

ஒன்றின் இடுப்பை இன்னொன்று வாயால் கவ்விச் சங்கிலியாக நிற்கும். அப்படியே இழுத்து இலைகளைச் சேர்க்கும். வாயைத் திறந்தால் பிடி போய்விடும். அதனால் வேலை நடக்கும்போது பேச்சே கிடையாது.

செம்பி என்ற எறும்பு கால் அடிபட்டுக் கிடந்து, அன்றுதான் வேலைக்குத் திரும்பியது.

"வந்துட்டியா? நல்லவேளை. நடுவுல ஆள் இல்ல, போய் நில்லு" என்றது மேஸ்திரி நெட்டச்சி.

காலைப் பற்றி அது கேட்கவில்லை. செம்பியும் சொல்லவில்லை. வேலைக்கு ஆகாத எறும்பைக் குப்பைமேட்டில் போட்டுவிடுவார்களோ என்று அதற்குப் பயம்.

சங்கிலி இழுக்கத் தொடங்கியது. செம்பி நொண்டி வந்ததைக் கவனித்திருந்த ஒரு தவளை கீழே குளத்திலிருந்து அண்ணாந்து பார்த்தது.

"என்ன செம்பி, கால் இப்போ தேவலையா?"

பதில் சொல்லுமா, விழுமா என்று தவளை காத்திருந்தது. செம்பி வாயைத் திறக்கவில்லை. ஆனால் கால் தாங்கவில்லை. வழுக்கியது. அந்த வேகத்தில் முன்னால் கவ்வியிருந்த பிடி நழுவிச் சங்கிலி அறுந்தது! செம்பி தண்ணீருக்கு மேலே தொங்கியது. பின்னால் நின்ற கோதை மட்டும் அதன் இடுப்பை விடவே இல்லை.

"எறும்புன்னா புளிப்பாத்தான் இருப்பே, பரவாயில்ல" என்று தவளை நாக்கை நீட்டியது. அதற்குள் எல்லோரும் செம்பியை மேலே இழுத்துவிட்டார்கள்.

"கால் சரியில்லேன்னு முன்னாடியே சொல்லக் கூடாதாடி?" என்றது நெட்டச்சி.

"யார் கேட்டீங்க அக்கா? கேட்டது அந்தத் தவளை ஒண்ணுதான்."

நெட்டச்சிக்குச் சுருக்கென்றது. செம்பியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"சரி, இப்போ கேக்கறேன். எது முடியும்?"

"இழுக்க முடியாது. மெதுவா நடப்பேன். வாய் நல்லாத்தான் இருக்கு."

"அது தெரிஞ்ச விஷயம்" என்றது கோதை. எல்லோரும் சிரித்தார்கள்.

இலைகளை ஒட்டும் பசைநூல் எறும்புகளின் குட்டிப் புழுக்களின் வாயிலிருந்துதான் வரும். ஒரு குட்டியைச் செம்பியிடம் கொடுத்தார்கள். அது குட்டியைக் கவ்விக்கொண்டு, இந்த இலைக்கும் அந்த இலைக்குமாக நூலை ஒட்டியபடி மெல்ல நடந்தது. அதுவரை குட்டி சுமந்த பலசாலி எறும்பு சங்கிலிக்குப் போனது.

கூடு முடிந்ததும் மழை கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. தவளையின் வாயில் விழுந்தது மழைத்துளி மட்டும்தான்.

கால் தேறத் தேறச் செம்பி முதலில் சின்ன இலையை இழுத்தது. பிறகு சங்கிலிக்கே திரும்பியது. சங்கிலி சேரும் முன்பு, "யாருக்கு எங்கே வலி?" என்று நெட்டச்சி இப்போதெல்லாம் கேட்கிறது.

அடிபட்டுத் திரும்பியவரிடம் அவரால் இப்போது எது முடியும் என்று கேட்டு அந்த வேலையைக் கொடுப்பதே அவருக்கும் கூட இருப்பவர்களுக்கும் பாதுகாப்பு.