யானைகளுக்குப் பாறை காட்டிய நீர்நாய்

நீர்நாய் என்பது நாய் அல்ல. இந்த ஒரு விஷயத்தைத் தீர்த்துவிட்டுத்தான் கதைக்குள் போக முடியும். இதைத் தவறாக நம்பிக்கொண்டே தலை நரைத்தவர்கள் நம்மிடையே ஏராளம். நீர்நாய்க்கும் நாய்க்கும் உள்ள சொந்தம், கடல்குதிரைக்கும் குதிரைக்கும் உள்ள சொந்தம்தான். நாய் கண்ட இடத்தில் காலைத் தூக்கும். நீர்நாய் அப்படிச் செய்யாது. கரையில் ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, குடும்பமே அங்கே போய்த்தான் ஒதுங்கும்.

அப்படி ஒரு நீர்நாய்தான் மினுக்கி. மலையடிவாரக் காட்டில் ஆறு வளைந்து ஆழமாகத் தேங்கும் இடத்துக்கு வட்டமடு என்று பெயர். அதன் கரையில் வளை தோண்டி, மூன்று குட்டிகளோடு வாழ்ந்தாள். கணவன் போன மழைக்காலத்து வெள்ளத்தில் போய்விட்டான். ஆகவே மீன் பிடிப்பதும் அவளே, குட்டிகளைப் பாறைக்கு அழைத்துப் போவதும் அவளே.

கோடை வந்தது. தினமும் பிற்பகலில் பதினெட்டு யானைகள் மடுவுக்கு வந்தன. கோரைப்புல்லைப் பிளந்துகொண்டு வரும். கரையை இடித்துக்கொண்டு இறங்கும். குடிக்கும், புரளும், சேற்றை வாரி முதுகில் வீசும். பிறகு எந்தக் கூச்சமும் இல்லாமல் தண்ணீரிலேயே கூடை கூடையாகச் சாணம் போடும். மடு பழுப்பாகிவிடும். மினுக்கி கண்ணை மூடிக்கொள்வாள்.

ஒருநாள் ஒரு யானைக்குட்டியின் கால் வளையின் கூரையில் இறங்கியது. மண் சரிந்தது. மினுக்கியின் கடைக்குட்டி வால் அளவு இடைவெளியில் தப்பியது.

மறுநாள் மினுக்கி வழியில் பின்னங்கால்களை ஊன்றி நிமிர்ந்து நின்றாள். கூட்டத்தின் தலைவி கரியாத்தாளின் முழங்கால் அளவுகூட அவள் இல்லை.

"ஆத்தா, நில்லுங்க."

கரியாத்தாள் நின்றாள். அவள் நின்றதால் பின்னால் வந்த பதினேழும் நின்றன.

"உங்க வீட்டுப் பிள்ளை என் வளையை மிதிச்சுட்டான். என் கடைக்குட்டி செத்துப் பிழைச்சிருக்கு."

"அடடா, அடி ஏதும் படலியே கண்ணு?"

"படலை. ஆனா விஷயம் அது மட்டுமில்லை. குடிக்கிற தண்ணியில நீங்க பண்ற காரியம் கொஞ்சமும் சரியில்லை. அதோ அந்தப் பாறையைப் பாருங்க. எங்க குடும்பம் அங்கதான் போகும். நீங்களும் போகலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை."

கரியாத்தாள் பாறையைப் பார்த்தாள். அது ஒரு பலாப்பழ அளவு இருந்தது.

"பதினெட்டுப் பேருமா?"

"வரிசையில நின்னாப் போச்சு."

கூட்டத்தில் இருந்த இளம் கொம்பன் ஒருவன் தும்பிக்கையை வாய்க்குள் விட்டுச் சிரிப்பை அடக்கினான். கரியாத்தாள் சிரிக்கவில்லை. குட்டி வைத்திருப்பவள் பயந்துபோய்ப் பேசினால் குறுக்கே பேசக் கூடாது என்பது யானைகளின் வழக்கம்.

"பாறை வேண்டாம் கண்ணு. நாங்க கீழ்மடுவுல இறங்கிக்கிறோம். நீ பிள்ளைங்களைப் பாரு."

பதினெட்டு யானைகளும் திரும்பி நடந்தன. அத்தனை பெரிய உடம்புகள். ஒரு சருகுகூட நொறுங்கும் ஓசை இல்லை. அதை மட்டும் மினுக்கி மனதுக்குள் மெச்சிக்கொண்டாள்.

பத்தே நாளில் வட்டமடு தெளிந்தது. அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணலாம் போலிருந்தது. கிளையில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி, "இந்த ஆத்துலேயே இப்படி ஒரு மடு கிடையாது மினுக்கி, சாதிச்சுட்டே" என்றது. மான்கள் வந்து தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு போயின. மினுக்கி ஒரு வாரம் தலைநிமிர்ந்து நீந்தினாள்.

பிறகுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. தண்ணீருக்குள் தலையை விட்டதுமே மடுவின் மறுகோடி வரை அவளுக்குத் தெரிந்தது. மறுகோடியில் இருந்த மீன்களுக்கும் அவள் தெரிந்தாள். முன்பெல்லாம் கலங்கலில் பதுங்கிப் போய்க் கவ்விவிடுவாள். இப்போது அவள் மூச்சை இழுப்பதற்குள் மடு காலியாகிவிட்டது.

இரண்டாவது சங்கடம், மீன்களே குறைந்துகொண்டு வந்தன. மூன்றாவது, தண்ணீரும் குறைந்தது. மிதித்துப் பிளக்க ஆள் இல்லாததால், மடுவுக்குத் தண்ணீர் வரும் வாயில் கோரை சுவர் போல் வளர்ந்துவிட்டது. ஆறு உள்ளே வரப் பார்த்து, முடியாமல் ஒதுங்கிப் போனது.

கடைக்குட்டி நீந்துவதை நிறுத்திவிட்டது. வளையின் வாசலில் தாடையைத் தரையில் வைத்துக்கொண்டு படுத்தே கிடந்தது. மற்ற இரண்டும் ஒரு நண்டுக்காகச் சண்டை போட்டன.

அன்று மடுவின் கீழ்வாயில் வழியாக ஒரு கிழட்டுத் தாடிக்கெண்டை வெளியேறிக்கொண்டிருந்தது. மினுக்கியைவிட நீளம். ஆகவே அவளோடு நின்று பேசும் தைரியம் அந்த மடுவில் அதற்கு மட்டுமே உண்டு.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மினுக்கி.

"யானை இருக்கிற இடத்துக்கு."

"ஏன்? தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே."

"கண்ணாடியைத் தின்ன முடியுமா அம்மணி?" என்றது கெண்டை. "யானை சாணம் போட்டா அதுல புழு பூச்சி சேரும். அதைத் தின்ன பொடி மீன் வரும். அதைத் தின்ன நாங்க வருவோம். எங்களைத் தின்ன நீ வருவே. இந்தக் கடைசி வரியை என் வாயால சொல்ல வேண்டியிருக்கு பாரு, அதுதான் அநியாயம்."

கெண்டை போய்விட்டது. மினுக்கி வளைக்குத் திரும்பிக் கடைக்குட்டியை முகர்ந்தாள். அது கண்ணைத் திறக்கவில்லை. வாலை மட்டும் அசைத்தது. அவள் உடனே கீழ்மடுவுக்குப் புறப்பட்டாள்.

கீழ்மடு பழுப்பாக இருந்தது. மினுக்கி கரையில் நின்று, முதன்முறையாகக் கண்ணை மூடாமல் பார்த்தாள். மிதந்த சாண உருண்டைகளைச் சுற்றிப் பொடி மீன்கள் மொய்த்தன. கரைச் சேற்றில் பதிந்த ஒவ்வொரு காலடியும் ஒரு சின்னக் குளமாக இருந்தது. ஒவ்வொன்றிலும் தலைப்பிரட்டைகள் நெளிந்தன. யானைகள் கோரையை மிதித்த இடமெல்லாம் வாய்க்கால் ஆகியிருந்தது. கொக்குகள், தட்டான்கள், ஆமைகள் என ஒரு சந்தையே கூடியிருந்தது. நடுவில் கரியாத்தாள் எதுவும் அறியாதவள் போல் முதுகுக்குச் சேறு வீசிக்கொண்டிருந்தாள். ஆற்றை ஒரு ஆள் இப்படிக் கட்டி மேய்க்க முடியுமா என்று மினுக்கிக்கு மலைப்பாக இருந்தது.

அவளுக்கு அதிக நேரம் கிடைக்கவில்லை. கீழ்மடுவின் நீர்நாய்கள் இரண்டு பல்லைக் காட்டிக்கொண்டு ஓடிவந்தன.

"இது எங்க எல்லை. ஒரு மீனைத் தொட்டா வாலை அறுத்துடுவோம்."

"மீனுக்கு வரலை. ஆத்தாளைப் பார்க்க வந்தேன்" என்றாள் மினுக்கி. நீந்திப் போய்க் கரியாத்தாளின் முன்னால் நின்றாள்.

"வா கண்ணு. வேற பாறை கிடைச்சுதா?" என்றான் கொம்பன்.

"சும்மா இருடா" என்றாள் கரியாத்தாள். "சொல்லு கண்ணு."

"ஆத்தா, நீங்க எல்லாரும் வட்டமடுவுக்கு வரணும்."

"வந்து?"

மினுக்கி கடைக்குட்டியின் வாலை நினைத்துக்கொண்டாள்.

"வந்து, கலக்கணும். புரளணும். கோரையை மிதிக்கணும். தண்ணியிலேயே... உங்க இஷ்டம் போலப் போடணும்."

பதினெட்டு யானைகளும் மெல்லுவதை நிறுத்தின.

"எத்தனையோ பேர் நம்மை விரட்டியிருக்காங்க" என்றான் கொம்பன். "இதுக்குன்னு அழைப்பு வச்சது இவதான்."

"ஒரு குட்டி எழுந்திருக்கவே இல்லை ஆத்தா. நான் சொன்னது தப்பு."

"பாதி தப்பு" என்றாள் கரியாத்தாள். "பிள்ளையை மிதிச்சுடுவோம்னு பயந்தியே, அது சரிதான். எங்க காலுக்குக் கண்ணு கிடையாது. நாங்க இறங்குற வழியில வளை வச்சிருக்கே. எதிர்க்கரை மருதமர வேருக்குள்ள மாத்திக்க. மாத்திட்டு ஒரு சத்தம் கொடு."

மினுக்கி அன்றே குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்தைக் கவ்வி எதிர்க்கரைக்குக் கொண்டுபோனாள். கடைக்குட்டி கனமே இல்லாமல் இருந்தது. பிறகு கரையேறி நின்று, தொண்டை கிழியச் சீழ்க்கை அடித்தாள்.

யானைகள் வந்தன. கோரைச் சுவர் பாய் போல் மடங்கியது. ஒதுங்கிப் போன ஆறு திரும்பிப் பார்த்து, உள்ளே புகுந்தது. கரை இடிந்தது, சேறு கிளம்பியது, கூடை கூடையாகச் சாணம் விழுந்தது. ஒவ்வொன்றும் விழும்போது மினுக்கி பற்களைக் கடித்துக்கொண்டாள். ஆனால் கண்ணை மூடவில்லை. அன்றே வாய்க்காலோடு அடித்து வந்த ஒரு விரால், கலங்கலில் வழி தெரியாமல் அவள் மூக்கில் முட்டியது. அதன் முதல் துண்டு கடைக்குட்டிக்குப் போனது. மூன்றாம் நாள் அது அண்ணன்களின் பங்கைத் திருடும் அளவுக்குத் தேறிவிட்டது.

நம் வீட்டு ஒழுங்கை ஊருக்கெல்லாம் சட்டமாக்கும் முன்னால், ஊர் எதைத் தின்று உயிர் வாழ்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த மாதம் கீழ்மடு தெளிந்துவிட்டது. அங்கிருந்து அதே இரண்டு நீர்நாய்கள் வந்து, கரியாத்தாளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வட்டமடுக் கரையில் காத்திருந்தன.