ஊத்துக்கொம்பையின் நூறு சதவீதம்

"முதல் அநியாயம், ரோடு" என்றார் தீர்த்தகிரி. "மலைக்கு ரோடு கேட்டோம். அடிவாரம் வரைக்கும் போட்டுட்டு, மலைச்சாலைன்னு கல்வெட்டு வெச்சாங்க."

ஆசிரியை தலையசைத்தார்.

"ரெண்டாவது, பள்ளிக்கூடம். மலையில இருக்கிற பதினோரு ஊருக்கும் பொதுவா உயர்நிலைப் பள்ளி கேட்டோம். அதையும் அடிவாரத்துல கட்டினாங்க. திறக்க வந்த மந்திரிக்கு மேலே ஏறினா மூச்சு வாங்குமாம்."

"ம்."

"மூணாவது, மேலே இன்னொரு பள்ளி கேட்டு மறியல் பண்ணினோம். பள்ளிக்கூடம் வரலை. என் முட்டி போச்சு."

"நாலாவது?"

"ரிக்ரஷன்."

அடித்த இன்ஸ்பெக்டரின் பெயரைச் சொல்லும் குரலில் அந்தச் சொல்லைச் சொன்னார். முப்பது வருஷப் போராட்டத்தில் லத்தியைப் பார்த்திருக்கிறார். தடையுத்தரவைப் பார்த்திருக்கிறார். சமாதானக் குழு என்ற பெயரில் வந்த பிஸ்கட்டைக்கூடப் பார்த்திருக்கிறார். ரிக்ரஷனை அவர் பார்த்ததில்லை.

கல்வித் துறை கொடுத்த தாளை மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு ஊருக்கும் எதிரே பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், பத்தாம் வகுப்பில் தேர்ச்சி எத்தனை சதவீதம் என்று இருந்தது. அடியில் ஒரு வரி: தூரத்துக்கும் தேர்ச்சிக்கும் தொடர்பு இல்லை என ரிக்ரஷன் ஆய்வில் தெரியவருகிறது. எனவே புதிய பள்ளி தேவையில்லை.

"வெள்ளிக்கிழமை பொது விசாரணை. தொடர்பு இருக்குன்னு நான் நிரூபிக்கணும். இல்லேன்னா கோப்பை மூடிடுவாங்க. அதனால எனக்கு நீங்க ரிக்ரஷன் கத்துக்கொடுக்கணும்."

ஆசிரியையின் பெயர் ஹெப்சிபா. அரசுக் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவர். வயதில் தீர்த்தகிரியின் மகளைவிடச் சின்னவர். அறையின் மின்விசிறி சுற்றாது. அதைப் பற்றி அவர் யாரிடமும் புகார் சொன்னதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே தீர்த்தகிரிக்கு அவர்மேல் சந்தேகம் இருந்தது.

"எத்தனை நாள்ல கத்துக்கலாம்?"

"எங்க பசங்க மூணு வருஷம் படிக்கிறாங்க."

"கத்துக்கிறாங்களா?"

"இல்லை."

ஹெப்சிபா எழுந்து கரும்பலகையில் படுக்கையாக ஒரு கோடு போட்டார். அது தூரம். நெட்டாக ஒரு கோடு போட்டார். அது தேர்ச்சி. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு புள்ளி வைத்தார். நீளமான மரஸ்கேலைப் புள்ளிகளுக்கு நடுவே சாய்த்துப் பிடித்தார்.

"எல்லாப் புள்ளிக்கும் முடிஞ்சவரைக்கும் பக்கத்துல போற கோடு. அவ்வளவுதான் ரிக்ரஷன்."

"இதுக்கா மூணு வருஷம்?"

"கோடு கீழே இறங்கினா, தூரம் கூடக்கூடத் தேர்ச்சி குறையுதுன்னு அர்த்தம். இப்போ பாருங்க."

கோடு இறங்கவில்லை. வெயிலுக்குப் படுத்த எருமைபோலக் கிடந்தது.

தீர்த்தகிரி பக்கத்தில் போய்ப் பார்த்தார். பத்துப் புள்ளிகள் இறங்கத்தான் செய்தன. பதினோராவது புள்ளி மட்டும் வலது கோடியில், எல்லாவற்றுக்கும் மேலே, தனியாக நின்றது.

"இது யாரு?"

"ஊத்துக்கொம்பை. இருக்கிறதுலேயே தூரமான ஊர். தேர்ச்சி நூறு சதவீதம்."

"துரோகி" என்றார் தீர்த்தகிரி. "ஒரே ஊர், பத்து ஊரோட நியாயத்தைக் கெடுத்துடுச்சு. இதை எடுத்துடலாமா?"

"எடுக்கிறவங்க இருக்காங்க."

"யாரு?"

"பெரிய பெரிய ஆராய்ச்சியாளருங்க."

ஹெப்சிபா டஸ்டரை நீட்டினார். தீர்த்தகிரி ஊத்துக்கொம்பையை அழித்தார்.

கோடு இறங்கியது. அவர் முகம் ஏறியது.

"இன்னும் கொஞ்சம் ஒட்டி வந்தா நல்லா இருக்கும்" என்றார். "நரிமடுவு பாருங்க, விலகி நிக்குது."

"டஸ்டர் உங்க கையிலதானே இருக்கு."

"அந்த ஊர்ல நம்ம கொடியே ஏறலை" என்று சொல்லி அதை அழித்தார். அடுத்து ஆலம்பரை. "இவங்க ஊர்வலத்துக்கு வந்து, பாதியில சினிமாவுக்குப் போனவங்க." அழித்தார். அடுத்த ஊரில் அவருக்கு எதிராகத் துண்டறிக்கை போட்டிருந்தார்கள், அதுவும் எழுத்துப் பிழையோடு. அழித்தார். அதற்கு அடுத்த ஊர் அவருடைய சம்பந்தி ஊர். அதை அழிக்கும்போது மட்டும் காரணம் சொல்லவில்லை.

ஒவ்வொன்றாகப் போகப் போகக் கோடு அழகானது. கடைசியில் இரண்டு புள்ளிகள் மிஞ்சின. ஸ்கேல் இரண்டின்மேலும் பிசகாமல் உட்கார்ந்தது.

"இதுதாம்மா கோடு" என்றார் தீர்த்தகிரி. "ஒருத்தனும் குறை சொல்ல முடியாது."

"முடியாது. இதுக்குமேல கச்சிதம் உலகத்துலேயே கிடையாது."

"அப்போ ஜெயிச்சிட்டோம்."

"எந்த ரெண்டு புள்ளி வெச்சாலும் இப்படித்தான் வரும் ஐயா. உங்க வீட்டுக் கோழி ஒரு புள்ளி, எங்க பிரின்சிபால் ஒரு புள்ளி. கோடு இதே மாதிரி உட்காரும்."

தீர்த்தகிரி டஸ்டரைக் கீழே வைத்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். ஒன்பது ஊர் வெள்ளையாக அவர் மார்பில் ஒட்டிக்கொண்டது. குனிந்து அதையே பார்த்தார். தட்டிவிட மனம் வரவில்லை.

ஹெப்சிபா பதினோரு புள்ளிகளையும் திரும்ப வைத்தார். வலது கோடிப் புள்ளியைச் சாக்பீஸால் தட்டினார்.

"இவங்க ஏன் இங்கே நிக்கிறாங்க?"

"காப்பி அடிச்சிருப்பாங்க."

"யாரு?"

"ஊத்துக்கொம்பைக்காரங்க."

"ஊர் காப்பி அடிக்குமா? ஆள் யாரு?"

தீர்த்தகிரிக்குத் தெரியவில்லை. "நூறு சதவீதம்னு போட்டிருக்கு" என்றார்.

"அந்த நூறைப் பார்த்துட்டு வாங்க."

"அது மலை உச்சிம்மா. பஸ் கிடையாது. பாதி நாள் நடக்கணும். என் முட்டியும் சரியில்லை. அவ்வளவு தூரம் யார் போறது?"

ஹெப்சிபா விடைத்தாள் கட்டைப் பிரித்துத் திருத்த உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் தீர்த்தகிரி மலை ஏறினார். ஏறும் வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டே போனார். கள்ளத் தேர்ச்சியைக் கையும் களவுமாகப் பிடிப்பது. எல்லோரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுப்பது. இரண்டு திருக்குறளாவது சொல்லச் சொல்வது.

ஊத்துக்கொம்பையில் ஒரு பெண் பாறைமேல் சாமை காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"பத்தாவது தேறினவங்களை எல்லாம் கூப்பிடும்மா. வரிசையா நிக்கச் சொல்லு."

அவள் ஒரு குரல் கொடுத்தாள். தலையெல்லாம் உமியோடு ஒரு பிள்ளை வந்து நின்றது.

தீர்த்தகிரி கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார். வேறு யாரும் வரவில்லை.

"வரிசை எங்கே?"

"இதுதான் வரிசை."

"சரி, தேறாதவங்களைக் கூப்பிடு."

"தேறாதவங்க யாரும் இல்லை."

"பரீட்சை எழுதினவங்களையாவது கூப்பிடேன்."

"இவதாங்க."

தீர்த்தகிரி கைப்பேசியை இறக்கினார்.

"மத்தப் பிள்ளைங்க?"

"இங்கே அஞ்சாவது வரைக்கும்தான். அப்புறம் கீழே போகணும். யாரு போவா?"

"இவ எப்படிப் போனா?"

"நடந்துதான்."

அவர் பாறையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"உங்க கூட்டத்துக்கெல்லாம் நாங்க கீழே வருவோம். நீங்க மேலே வந்து இன்னிக்குத்தான் பார்க்கிறேன். ரொம்பத் தூரமோ?"

தீர்த்தகிரி தண்ணீரைக் குடித்தார்.

வியாழக்கிழமை ஆசிரியையின் அறைக்குப் போனார். கரும்பலகை அப்படியே இருந்தது.

"நூறைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். தலையில உமி இருந்தது."

"அழிச்சிடலாமா?"

"வேண்டாம்."

"கோடு படுத்துடுமே ஐயா."

"படுக்கட்டும்மா. படுத்த இடத்துல நாளைக்கு நான் பேசிக்கிறேன்."

ஹெப்சிபா முதல் தடவையாகச் சிரித்தார். போய் இரண்டு டீ வாங்கிவந்தார்.

பொது விசாரணை அடிவாரப் பள்ளியின் கூடத்தில் நடந்தது. பதினோரு ஊர் ஆட்களும் வந்திருந்தார்கள். விசாரணை அதிகாரி கண்ணாடி போட்டவர், மரியாதை தெரிந்தவர், எதையும் படம் போட்டுக் காட்டுகிறவர். திரையில் கோடு படுத்துக் கிடந்தது.

"உணர்ச்சிவசப்பட வேண்டாம்" என்றார் அதிகாரி. "இதோ ஊத்துக்கொம்பை. எல்லா ஊரையும்விடத் தூரம். தேர்ச்சி நூறு சதவீதம். தூரம் தடையில்லை என்பதற்கு இந்த ஊரே சாட்சி. அவர்களுக்கு ஒரு கைதட்டல் கொடுப்போம்."

எல்லோரும் தட்டினார்கள். ஊத்துக்கொம்பைக்காரர்களும், எதற்கென்று தெரியாமல் தட்டினார்கள்.

தீர்த்தகிரி எழுந்தார். ஓரத்தில் நின்ற போலீஸ்காரர் பழக்கதோஷத்தில் லத்தியை மாற்றிப் பிடித்தார்.

"ஐயா சொன்ன சாட்சியை நான் ஏத்துக்கிறேன்" என்றார் தீர்த்தகிரி.

கூடத்தில் சலசலப்பு. "பெரிசு விலை போயிடுச்சு" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள்.

"ஒரே ஒரு வேண்டுகோள். அந்த நூறு சதவீதம் யார் யார்னு சபைக்குத் தெரியணும். பெயர்களைப் படிச்சுப் பதிவு செய்ய அனுமதி வேணும்."

அதிகாரிக்கு மகிழ்ச்சி. "தாராளமாக. ஒரு பெயர்கூட விடாமல் படியுங்கள். எழுதிக்கொள்ளுங்கள்" என்று குமாஸ்தாவிடம் சொன்னார்.

குமாஸ்தா வரிசை எண் போட ஆரம்பித்தார். நரிமடுவுக்காரர் ஒருவர் எழுந்து, "பட்டியல் பெரிசா தோழர்? டீ குடிச்சிட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டார்.

"இருந்து கேட்டுட்டுப் போய்யா."

அவர் உட்கார்ந்தார்.

தீர்த்தகிரி மைக்கை ஒதுக்கித் தள்ளினார். அவருக்கு அது என்றைக்கும் தேவைப்பட்டதில்லை.

"ஊத்துக்கொம்பை. இந்த வருஷம் பத்தாவது பரீட்சை எழுதினவங்க, தேறினவங்க, மொத்தப் பேரும்."

குமாஸ்தாவின் பேனா தாளைத் தொட்டு நின்றது.

"வெள்ளையன் மகள் கோகிலவாணி."