முரசுக்குள் இருந்த நீதி

நெல்வாய்ப்பாடியை ஒரு காலத்தில் செண்டலங்கார ராஜா ஆண்டு வந்தார். ஆண்டார் என்றால், சிம்மாசனத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். மனசில் எது தோன்றினாலும் அது உடனே நடந்தாக வேண்டும்.

ஒருநாள் ஒரே நேரத்தில் எட்டுக் காரியம் கவனிக்கும் திருமேனி என்ற அவதானி சபையில் வித்தை காட்டினார். சதுரங்கம் ஆடிக்கொண்டே, முதுகில் எறிந்த நெல்மணிகள் எத்தனை என்று சொன்னார்; நடுநடுவே அடித்த மணி எத்தனை என்று சொன்னார்; கேட்ட வெண்பாவையும் பாடி முடித்தார். ராஜா வாயைப் பிளந்தார். அரண்மனை வைத்தியர் மருதப்பருக்கோ வயிறு எரிந்தது.

"இந்த ஞாபகம் தலையில் எந்த மூலையில் இருக்கிறது என்று நான் கண்டுபிடிக்கிறேன், மகாராஜா. கிளியின் மூளையில் ஒரு துளி சுரண்டினேன், பேச்சு நின்றது. அப்படியானால் பேச்சு இருந்த இடம் அதுதானே? இவர் தலையையும் திறந்து துளித்துளியாக எடுத்துப் பார்ப்போம்."

"பேஷ்! வெள்ளிக்கிழமை திறந்துவிடுங்கள்" என்றார் ராஜா.

திருமேனிக்குப் பயம்தான். ஆனாலும் எட்டு வேலையை ஒன்றாகப் பார்த்துப் பழகிய தலை அல்லவா, பயத்தை ஓரமாக வைத்துவிட்டு யோசித்தது.

"என் தலை எங்கும் ஓடிவிடாது, மகாராஜா. முதலில் நமக்கு உள்ளும் புறமும் தெரிந்த ஒன்றில் இந்த முறையைச் சோதிக்கலாமே? இதோ, இந்தச் சபை இருக்கிறது. தினம் ஒருவரை மட்டும் வேலையிலிருந்து நிறுத்திவைப்போம். எது நின்றுபோகிறது என்று வைத்தியர் எழுதட்டும்."

விளையாட்டு என்றால் ராஜாவுக்குக் கொள்ளை ஆசை. சரி என்றார்.

முதல் நாள் முரசடிப்பவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். சபை கூடியதே வெளியில் தெரியாமல் வழக்காளிகள் ஒருவரும் வரவில்லை. "நீதி முரசில் இருக்கிறது" என்று எழுதினார் மருதப்பர்.

மறுநாள் வெற்றிலைப் பெட்டி தூக்குபவன் இல்லை. ராஜா சிடுசிடுத்து, மாட்டைத் திருடியவனுக்கும் பறிகொடுத்தவனுக்கும் சேர்த்தே கசையடி கொடுத்தார். "கருணை வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறது" என்று எழுதினார்.

மூன்றாம் நாள் வைத்தியரின் முறை. தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். ஒன்றும் நிற்கவில்லை. அதை மட்டும் அவர் எழுதவில்லை.

"நாளைக்கு மகாராஜாவின் முறை" என்றார் திருமேனி.

ராஜா திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தார். முரசு ஒலித்தது, வழக்கு நடந்தது, பிரதான மந்திரி தீர்ப்புக்கு முத்திரை குத்தினார், எல்லாரும் நேரத்தோடு சாப்பிடப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. "எழுதியதை வாசியுங்கள், வைத்தியரே!" என்றார் ராஜா.

"நீதி முரசில்... கருணை வெற்றிலைப் பெட்டியில்... மகாராஜாவிடம்..." மருதப்பர் ராஜாவின் முகத்தைப் பார்த்தார். மேலே வாசித்தால் தலை போகும், நிறுத்தினால் மானம் போகும். மானம் போனால் போகட்டும் என்று விட்டார். "என் முறையே தப்பு, மகாராஜா!"

சபை கொல்லென்று சிரித்தது. "நீதி முரசில்தானே இருக்கிறது? அது வெளியே வரும்வரை பக்கத்திலேயே காவல் இருங்கள்" என்று ராஜா அவரை முரசு மண்டபத்துக்கு அனுப்பினார். தன் முத்துமாலையைக் கழற்றித் திருமேனிக்குப் போட்டார். போடும்போதே காதோரம் குனிந்து கேட்டார்:

"ஏன் அவதானியாரே, நான் இல்லாமல் நிஜமாகவே ஒன்றும் நிற்கவில்லையா?"

"ஒரு நாள் எடுத்துப் பார்த்ததில் அது எப்படித் தெரியும், மகாராஜா?" என்றார் திருமேனி, தன் தலையைத் தடவிக்கொண்டே.

மறுநாளிலிருந்து, முரசு அடிக்கும் முன்பே ராஜா சபைக்கு வந்துவிட்டார்.