அனுமதி இல்லாமல் பிறந்த பிள்ளை

ஒரு மாவட்ட அலுவலகத்தில் தணிகாசலம் என்று ஓர் அதிகாரி. அங்கே கூட்டிப் பெருக்கும் செம்பா, பிரசவ விடுப்புக்கு எழுதிக்கொடுத்த தேதிக்கு முன்பே வலி வந்து பெற்றுவிட்டாள். சொல்லாமல் வேலைக்கு வராமல் நின்றாள் என்று வேலையை விட்டே தூக்கிவிட்டார் மனுஷன். வலி என்ன, இவரிடம் கேட்டுக்கொண்டா வரும்?

செம்பா வழக்குப் போட்டாள். அரசுத் தரப்பு வக்கீலாகப் புதிதாக வந்த மங்கை என்பவளைத் தணிகாசலம் அதட்டினார்: "ஏம்மா, தப்பு அவ மேலதான்னு நீ நிரூபிக்கணும். இல்லேன்னா உன் வேலையும் போயிடும்!"

"செஞ்சுடலாம் சார். ஆனா செம்பா தேதியைச் சரியாத்தான் எழுதினா. முந்திக்கிட்டது குழந்தை. விசாரிக்காம யாரையும் தண்டிக்கக் கூடாதே!" என்றவள், வாசலில் வேலையைத் திரும்பக் கேட்டுக் கெஞ்சிக்கொண்டு நின்ற செம்பாவிடம் பிள்ளையை வாங்கிவந்து அவர் மேசைமேல் கிடத்தினாள். "கேளுங்க சார், ஏன்டா அனுமதியில்லாமப் பொறந்தேன்னு."

அலுவலகமே எட்டிப் பார்த்தது.

"என்ன விளையாட்டு இது?"

"நாளைக்கு நீதிபதியம்மா முன்னாடி கூண்டுல ஏறி இதைத்தானே சொல்லப்போறீங்க? இங்கேயே ஒருதடவை சொல்லிப் பழகிக்குங்க."

தணிகாசலம் பேனாவை எடுத்தார். செம்பாவைத் திரும்ப எடுக்கும் உத்தரவில் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

பிள்ளை மட்டும் போகும்முன் மேசையை நனைத்துவிட்டது, அதுவும் அனுமதி கேட்காமல். செம்பா வேலைக்கு வருவது மறுநாள்தானே? அய்யாவே துடைத்தார்.