கோடில்லாத கண்ணாடி

தென்காசிக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில், உலகம்மை ஒரு சிறிய மடம் நடத்திவந்தார். தளவாய் அங்கே சீடராக வந்து சேர்ந்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். குரு அவரைவிட இளையவர். அது அவரை உறுத்தவில்லை. உறுத்தியதெல்லாம் மூக்குக்கண்ணாடிதான்.

மதியம் கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு பாறைப் படிகளில் இறங்கிப் பந்திக்கு வருவது அவர் வேலை. மாலையில் பாடல்களை வாசிப்பவரும் அவரே. இரண்டுக்கும் ஆகட்டும் என்று புரோகிரசிவ் கண்ணாடி வாங்கியிருந்தார். தூரம், நடு, கிட்டம் எல்லாம் ஒரே கண்ணாடியில். ஆனால் ஓரங்களில் உலகம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிந்தது. ஒரு வரியை வாசித்து முடிக்கத் தலையை இடமும் வலமும் ஆட்ட வேண்டியிருந்தது.

ஒருநாள் படியும் நெளிந்தது. கால் தப்பியது. கொதிக்கிற கஞ்சி, பந்தியில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாளின் காலில் கொட்டிவிட்டது. மடத்துக்குப் பூக்கட்ட வருகிறவள் அவள். காயம் ஆறும்வரை இங்கேயே இருக்கட்டும் என்று பின்னறையில் படுக்க வைத்தார்கள்.

அன்றிலிருந்து தளவாய்க்கு இருப்புக்கொள்ளவில்லை. கண்ணாடிக் கடைக்கும் மடத்துக்குமாக அலைந்தார்.

உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரே வந்து நின்றார்.

"புரோகிரசிவ் எனக்கு ஒத்துவரலைம்மா. பழகிரும் பழகிரும்னு சொன்னாங்க. தலை சுத்துறதுதான் பழகியிருக்கு."

"வேற என்ன இருக்கு?"

"பைஃபோகல். மேல தூரம், கீழ கிட்டம். நடுவுல வெட்டுனாப்புல ஒரு கோடு. போட்டா, இவன் கிழவன்னு ஊருக்கே சொல்லும்."

"ம்."

"கோடில்லாத பைஃபோகலும் இருக்கு. அதேதான், கோட்டை மட்டும் இழைச்சு மறைச்சிருக்காங்க. பார்க்கிறவங்களுக்குத் தெரியாது."

"உங்களுக்கு?"

தளவாய் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கடையில போட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரியுது. கண்ணை இறக்கினா எழுத்து ஒரு துள்ளு துள்ளுது. ரெண்டுக்கும் ஊடால வளையமா ஒரு மங்கல். எதைத்தான் எடுக்க?"

"கோடில்லாததை எடுங்க" என்றார் உலகம்மை. கீரைத் தண்டை ஒடித்துப் போட்டார்.

இத்தனை நாள் புரண்டு புரண்டு யோசித்ததற்கு இவ்வளவுதானா பதில் என்று தளவாய்க்கு இருந்த கொஞ்சநஞ்ச அமைதியும் போயிற்று.

புதுக் கண்ணாடி வந்தது. வாசிக்கத் தோதாக இருந்தது. வரி ஆடவில்லை. எதிரே மலையும் தெளிவாக நின்றது. ஆனால் படிக்கட்டில் கால் வைத்ததும் திரும்பி வந்துவிட்டார்.

"இதுவும் ஆகலைம்மா. காலடியில படி கரைஞ்சு போகுது."

உலகம்மை வெறும் பானையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "இறங்குங்க."

தளவாய் இறங்கினார். இரண்டாவது படியில் நின்றுவிட்டார்.

"தெரியலை."

"கண்ணை மட்டும் இறக்குறீங்க. வாசிக்கிற கண்ணாடி வழியா படியைத் தேடுறீங்க. தலையைக் குனிங்க."

தளவாய் மோவாய் நெஞ்சில் படும்படி குனிந்தார். கண்ணாடியின் மேல்பாதியில் படி வந்து நின்றது. பாசியும் வெடிப்பும் தெரிந்தன. கீழே வரை இறங்கி மேலே ஏறி வந்தார். கால் எங்கும் தடுமாறவில்லை.

ஆனாலும் அவர் போகவில்லை. பானையைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"இன்னும் என்ன?"

"நடுவுல உள்ளது தெரியலைம்மா. புத்தகம் தெரியுது, மலை தெரியுது. ஒரு எட்டு தள்ளி ஒருத்தர் இருந்தா, அந்த முகம் தெரியலை."

"யார் முகம்?"

தளவாய் பின்னறைப் பக்கம் பார்த்துவிட்டுப் பானையைக் கீழே வைத்தார்.

உலகம்மை ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றினார். சூடு தணிகிறவரை கரண்டியால் கிளறி ஆற்றினார். பிறகு அதை அவரிடம் நீட்டினார்.

"பின்னறைக்கு."

"மருந்து போடுற பிள்ளைக கொண்டுபோவாங்க. எப்பவும் அவங்கதானே..."

உலகம்மை நீட்டிய கையை மடக்கவில்லை. தளவாய் வாங்கிக்கொண்டார்.

கஞ்சி கொட்டிய நாளுக்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே போனதில்லை. பேச்சியம்மாள் வாசலுக்கு ஒரு எட்டு தள்ளிச் சுவரில் சாய்ந்து, கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"யாரு, தளவாய் அண்ணாச்சியா?"

குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. தளவாய் வாசற்படியிலேயே நின்றார். கண்ணை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். கிண்ணத்தில் கஞ்சி தளும்பியது. பின்னால் உலகம்மை வந்து நிற்பது தெரிந்து, திரும்பாமலே தாழ்ந்த குரலில் சொன்னார்:

"முகம் கலங்கலா இருக்கும்மா. கோவமா இருக்காளா என்னன்னு தெரியலை. இந்தத் தூரத்துக்கு இந்தக் கண்ணாடி ஆகாது. கடையில இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கட்டுமா?"

"வேண்டாம்" என்றார் உலகம்மை. "கிட்டப் போங்க."