பக்கத்து வயலின் பச்சை

குளிர் நிறைந்த ஒரு மலைக்காட்டில், ஐப்பசி பிறந்தால் விலங்குகள் எல்லாம் கோதுமை விதைக்கும். அங்கே ஒரு கரடிக்கும் ஒரு முயலுக்கும் அடுத்தடுத்த வயல்கள்.

கரடி பொறாமைக்காரி. முயலின் காது தன் காதைவிட நீளம் என்பதைக்கூட அதனால் பொறுக்க முடியவில்லை.

விதைத்ததும் இரண்டும் குரங்கின் கடையில் ஆளுக்கொரு மூட்டை யூரியா வாங்கிப் போட்டன. காட்டில் காசு ஏது? மூட்டைக்கு ஒரு குடம் தேன்.

மார்கழியில் கரடி வேலியோரம் எட்டிப் பார்த்தது. முயலின் பயிர் கரும்பச்சையாக நின்றது. போன பருவத்தில் முயல் அங்கே பயறு போட்டிருந்ததால் மண்ணில் ஏற்கெனவே சத்து இருந்தது. அதையெல்லாம் யோசிக்கக் கரடிக்கு ஏது பொறுமை? வயிறு பற்றி எரிந்தது.

"திருட்டு முயல்! எனக்குத் தெரியாம இன்னொரு மூட்டை போட்டிருக்கு!"

கடைக்கு ஓடியது. "முயல் எத்தனை மூட்டை வாங்கிச்சு?"

"அதையெல்லாம் கடைக்காரன் வெளியே சொல்லலாமா?" என்று குரங்கு கண்ணைச் சிமிட்டியது.

கரடிக்கு அது போதும். இன்னொரு மூட்டை வாங்கிப் போட்டது. மனசு ஆறவில்லை. அதற்கு மேலும் ஒன்று வாங்க, கடைசிக் குடத்தைத் தூக்கியது.

"அம்மா, கோடைக்கு நாங்க என்ன சாப்பிடுறது?" என்றன குட்டிகள்.

"கோதுமை மலையாக் குவியும். அதைக் குடுத்துப் பத்துக் குடம் தேன் வாங்கலாம். சும்மா இருங்க!"

பயிர் மளமளவென்று முயலின் பயிரைத் தாண்டி வளர்ந்தது. கரடி தினமும் வேலியோரம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தது.

மாசியில் கதிர் முற்றும் நேரத்தில் காற்றோடு மழை வந்தது. முயலின் பயிர் வளைந்து நிமிர்ந்தது. கரடியின் பயிரோ உரத்தின் கொழுப்பில் நெடுநெடுவென வளர்ந்திருந்தது, தண்டில் வலுவில்லை. அப்படியே தரையில் படுத்துவிட்டது. கதிர்கள் சேற்றில் அழுகின.

கரடி அழுதுகொண்டே முயலிடம் கேட்டது: "உண்மையைச் சொல்லு, நீ எத்தனை மூட்டை போட்டே?"

"ஒண்ணுதான் அக்கா. உங்க பயிரைப் பாத்து எனக்கும் வயிறு எரிஞ்சுது. குடத்தைத் தூக்கிக்கிட்டுக் கடை வாசல் வரைக்கும் போயிட்டேன். இந்த மூட்டையால கூடுதலா விளையுற கோதுமையைக் குடுத்தா, இந்தக் குடத்துல பாதித் தேன்கூட வராதேன்னு அங்கதான் தோணுச்சு. திரும்பி வந்துட்டேன்."

கரடி வீட்டுக்குத் திரும்பியது. குட்டிகள் காலிக் குடத்துக்குள் தலையை விட்டு நக்கிக்கொண்டிருந்தன.

நீதி: உரம் போடும் முன் உன் மண்ணைப் பார், பக்கத்து வயலைப் பார்க்காதே.