இடிவீரன் கதையில் ஓட்டை

ஏரிக்கரைக் கருவேலங்காட்டில் ஒரு வெள்ளெலி இருந்தது. அது தனக்குத்தானே 'இடிவீரன்' என்று பெயர் வைத்துக்கொண்டது. அந்தப் பெயர் வந்த கதையை மாலைதோறும் கரையில் உட்கார்ந்து சொல்லும்.

ஒரு மழைநாளில் ஒற்றைப் பனையின் அடியில் அது ஒதுங்கி நின்றதாம். பனைமேல் இடி விழுந்ததாம். இடியின் பலமெல்லாம் மரத்தின் வழியே இறங்கி அதன் உடம்பில் ஏறிக்கொண்டதாம். அன்றிலிருந்து பாறையைப் புரட்டுமாம், பருந்தை விரட்டுமாம்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. யார் கதை சொன்னாலும் கேட்பவர் 'ம்' கொட்ட வேண்டும். தவளைகள் ஒழுங்காகக் கொட்டின. ஆமை மட்டும் கொட்டாது. கேள்வி கேட்கும்.

பனையே கரிக்கட்டையாகிவிட்டதே, உன் மீசையில் ஒரு முடிகூடக் கருகவில்லையே என்றது ஒருநாள். மழையில் மீசை நனைந்திருந்தது என்றது வெள்ளெலி. பனையும்தானே நனைந்திருந்தது என்றது ஆமை. தவளைகள் 'ம்' கொட்டுவதை நிறுத்திவிட்டன.

மறுநாள் வெள்ளெலி கதைக்குள் ஒரு முனிவரைக் கூட்டிவந்து, மீசைக்கு மட்டும் தனியாக வரம் வாங்கிக்கொண்டது. வரம் தர முனிவரே இருக்கும்போது இடி எதற்கு என்றது ஆமை.

வெள்ளெலிக்குக் கோபம் வந்துவிட்டது. "கதை கேட்டா 'ம்' கொட்டணும், ஆமையண்ணே. குறுக்கே பேசக் கூடாது."

"'ம்' கொட்ட வாயைத் திறக்கவே வேண்டாமே, தம்பி. கேள்வி கேட்கத்தான் வாய் திறக்கணும். அதுக்குத்தானே வாய் இருக்கு?" என்றது ஆமை. "இன்னொண்ணு. இவ்வளவு பலம் இருக்கிறவன், காட்டுப்பூனை வாடை அடிச்சா மட்டும் ஏன் வளைக்குள்ளே பாயுறே?"

தவளைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

வெள்ளெலி எழுந்து போய்விட்டது. போகும் வழியெல்லாம் ஆமைக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனது. அந்த யோசனையில் பூனை வாடை அடித்ததைக் கவனிக்கவில்லை. காட்டுப்பூனை பிடரியைக் கவ்வித் தூக்கிவிட்டது.

பூனைக்கு உடனே தின்னும் எண்ணம் இல்லை. குட்டிகளுக்கு வேட்டை பழக்க உயிரோடு கொண்டுபோனது. வெள்ளெலியின் நான்கு கால்களும் காற்றில் உதறின. அப்போதுதான் ஆமை வாயைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது.

வழித்துணைக்கு ஒரு கதை சொல்லட்டுமா, அக்கா என்று கேட்டது.

"ம்" என்றது பூனை. அதுவும் அந்தக் கரையில் வளர்ந்ததுதான்.

வெள்ளெலி இடி விழுந்ததைச் சொன்னது. "ம்." பாறையைப் புரட்டியதைச் சொன்னது. "ம்." முனிவரை விட்டுவிட்டது. குட்டிகள் கத்தும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

"போன வாரம் ஒரு பெரிய பூனையை வாலைப் பிடித்துச் சுழற்றி ஏரியில் வீசினேன்" என்றது அவசரமாக.

"ம்ம்?"

"எந்தப் பூனையாலும் என்னைப் பிடிக்க முடியாது, அக்கா."

பூனை நின்றது. மீசை துடித்தது. பொறுத்துப் பார்த்தது. முடியவில்லை.

"அப்புறம் என் வாயில எப்படிடா வந்தே?"

கேள்வியின் முதல் சொல்லிலேயே வெள்ளெலி தரையில் விழுந்தது. கடைசிச் சொல்லுக்குள் ஒரு வளைக்குள் நுழைந்துவிட்டது.

மறுநாள் மாலை பிடரியில் பல் தடத்தோடு கரைக்கு வந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னது. பலம் ஏதும் தன்னிடம் இல்லை என்பதையும் சொன்னது.

"பூனை வாயிலிருந்து எந்த வழியா வந்தே?" என்றது ஆமை.

"நீங்க காட்டின ஓட்டை வழியாத்தான், அண்ணே."

ஆமை முதல் முறையாக 'ம்' கொட்டியது.

நம் கதையில் ஓட்டை காட்டுகிறவரைப் பகைக்கக் கூடாது. ஆபத்து வந்தால் அந்த ஓட்டையே வாசலாகும்.